சிறு போர் ஷாட்கன் வீட்டுப் பாதுகாப்புக்கு ஆகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளை அனுப்பும் நீண்ட துப்பாக்கி; போர் என்பது அதன் குழல் துளையின் அளவு. புதிதாகச் சுடக் கற்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் கேட்டவர்கள் உடல் சிறுத்தவர்கள், வயதானவர்கள், தோளில் வலி உள்ளவர்கள். "12 போர் எனக்கு ஒத்துவரவில்லை, சிறியதாக எடுத்தால் அது வெறும் பொம்மையா?" என்பதுதான் எல்லாருடைய கவலையும். பொம்மை இல்லை. ஆனால் எந்தச் சிறு போர், அதில் எந்தத் தோட்டா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

சிறு போர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

12-ஐ விடக் குழல் துளை குறுகிய ஷாட்கன்கள் எல்லாவற்றையும்தான். எண் ஏற ஏறத் துளை சிறுக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் வரும். கணக்கு பழையது: ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான எத்தனை உருண்டைகளாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே போர். பன்னிரண்டாகப் பிரித்தால் உருண்டை பெரியது, இருபதாகப் பிரித்தால் சிறியது. 12 போரின் துளை ஏறக்குறைய 18.5 மி.மீ., 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14. நான்கு-பத்து என்று வழங்கும் .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொல்லப்படும் நேரடித் துளை அளவு, 10.4 மி.மீ. பழைய முறையில் எண்ணினால் 67 போருக்குக் கிட்டத்தட்ட வரும். 20-ஐயும் .410-ஐயும் "சிறியவை" என்று ஒரே மூச்சில் சொல்வது தவறு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஆகுமா ஆகாதா?

20 போர் ஆகும். பக்ஷாட் எனப்படும் பெரிய குண்டுகள் அடைத்த தோட்டாவோடு, பழகிய கையில், எந்தத் தயக்கமும் இல்லாமல் ஆகும். .410 ஒரே ஒரு வகைத் தோட்டாவோடு, குறி தவறாத கையில் மட்டும் ஆகும். 28 போரை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 16 போர் ஆற்றலில் குறைந்ததல்ல, ஆனால் அதற்குத் தோட்டா தேடி அலைய வேண்டியிருக்கும்.

12 போர்தான் சிறந்தது என்று எல்லாரும் சொல்கிறார்களே?

தோட்டா வகைகளில் 12 போருக்கு இணை இல்லை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் துப்பாக்கியைச் சுடுபவர் மனிதர். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தோளில் இடிக்கும் உதைக்குப் பயந்த ஒருவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுகிறார், தோளைப் பின்னுக்கு இழுக்கிறார், குழல் கீழே தாழ்கிறது. மூன்று தோட்டாக்களுக்கு மேல் சுட விரும்பாமல் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் அதன் பிறகு பயிற்சிக்கே வருவதில்லை. வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது, அதைச் சுடத் தெரியாத, சுட விரும்பாத ஒருவர் இருக்கிறார் என்ற நிலைதான் எல்லாவற்றிலும் மோசமானது.

உதையைக் கணக்கிட்டே பார்க்கலாம். மூன்றரைக் கிலோ எடையுள்ள 12 போரில் வழக்கமான 32 கிராம் தோட்டாவும், மூன்று கிலோ எடையுள்ள 20 போரில் 25 கிராம் தோட்டாவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுடப்பட்டால், இரண்டாவதன் உதையாற்றல் முதலாவதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே நிற்கும். .410-இல் 14 கிராம் தோட்டாவானால் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இதில் ஒரு மறைகுழி உண்டு. மைதானத்தில் வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடும் இலேசான தோட்டாவால் 20 போரைச் சோதித்து "அருமை, உதையே இல்லை" என்று வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கென வைக்கும் பக்ஷாட் தோட்டாவில் ஈயம் மட்டும் 30 கிராமை எட்டும். துப்பாக்கியும் இலேசான ரகமாக இருந்தால், கனமான 12 போருக்கும் அதற்கும் தோளில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆகவே எந்தத் தோட்டாவை வைத்திருக்கப் போகிறீர்களோ அதையே சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் தோள் வலிக்குத் துளையின் அளவுதான் காரணமா?

பாதிப் பேருக்கு இல்லை. தோளில் ஊன்றும் பின்கட்டையின் நீளமே காரணம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஷாட்கன்களில் விசையிலிருந்து கட்டையின் அடிவரை 14 அங்குலம் இருக்கும். உயரமான, கை நீண்ட ஆளுக்கு அது சரி. கை குட்டையானவர் அதைத் தூக்கினால் கட்டை தோளின் குழியில் உட்காராமல் புயத்தின் மேல் போய் நிற்கும், உடல் பின்னால் சாயும், கன்னம் கட்டையில் படியாது. அந்த நிலையில் எந்தப் போரும் வலிக்கத்தான் செய்யும். 12 அல்லது 13 அங்குலக் கட்டையும், அடியில் நல்ல ரப்பர் மெத்தையும் போட்டு, உதை குறைத்த பக்ஷாட் தோட்டாவைக் கொடுத்தால், 12 போரை வெறுத்தவர்களில் பலர் அமைதியாகச் சுடுகிறார்கள். புதுத் துப்பாக்கிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

20 போரில் எந்தத் தோட்டா?

3-ஆம் எண் பக்ஷாட் அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய 2-ஆம் எண். வழக்கமான 2¾ அங்குலத் தோட்டா ஒன்றில் 3-ஆம் எண் குண்டுகள் இருபது இருக்கும்; ஒவ்வொன்றும் கால் அங்குல விட்டம், ஒன்றரை கிராம் எடை. 12 போரின் பெயர்பெற்ற 00 பக்ஷாட்டில் 8.4 மி.மீ. குண்டுகள் எட்டோ ஒன்பதோ, ஒவ்வொன்றும் மூன்றரை கிராம். கூட்டிப் பார்த்தால் இரண்டு தோட்டாக்களும் ஏறக்குறைய ஒரே அளவு ஈயத்தைத்தான் அனுப்புகின்றன. வேறுபாடு குண்டின் அளவில்: சிறிய குண்டு உடலுக்குள் சீக்கிரம் வேகம் இழக்கிறது.

எவ்வளவு ஆழம் போதும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வீரர்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில், ஒரு கைத்துப்பாக்கிக் குண்டு கொள்ளையன் ஒருவனின் இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்பு நின்றுபோனது. அதன் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான்; இரண்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் துறை வகுத்த சோதனையில், சதைக்கு மாற்றாக வைக்கப்படும் ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 20 போரின் 3-ஆம் எண் பக்ஷாட் இந்தக் கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறது. போதும் என்று சொல்லலாம், தாராளம் என்று சொல்ல முடியாது. 2-ஆம் எண் கிடைத்தால் அதையே எடுப்பேன்.

3 அங்குல நீளமுள்ள, மேக்னம் எனப்படும் ஆற்றல் கூடிய தோட்டாவை நாட வேண்டாம். எந்த உதையைத் தவிர்க்க 20 போருக்கு வந்தீர்களோ அதையே திரும்ப விலைக்கு வாங்கியதாகிவிடும். தோட்டா உட்காரும் அறை 2¾ அங்குலத்துக்கு வெட்டப்பட்ட பழைய துப்பாக்கியில் 3 அங்குலத் தோட்டாவைப் போடுவது ஆபத்தும்கூட. அறையின் அளவு பெரும்பாலும் குழலின் மேல் பொறித்திருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

பறவை சுடும் சின்ன ரவை சுவரைத் துளைக்காதாமே? குழந்தைகள் அடுத்த அறையில் தூங்குகிறார்கள், அதுதானே பாதுகாப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனத்தை மதிக்கிறேன். சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பவர் சரியாக யோசிக்கிறார். ஆனால் கிடைக்கும் விடை வசதியானது அல்ல.

பறவைகளுக்கான 7½, 8-ஆம் எண் ரவை ஒவ்வொன்றும் இரண்டரை மி.மீ.க்கும் குறைவு. ஜெலட்டினில் ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும். நேராக மார்பில் பட்டால் கோரமான மேற்காயம் உண்டாகும். தடித்த உடை, குறுக்கே நீட்டிய கை, பக்கவாட்டில் திரும்பிய உடல் இவற்றில் ஏதாவது ஒன்று இடையில் வந்தால் உயிர்நிலை உறுப்பை அது எட்டாது. தாக்க வந்தவர் நிற்கவும் கூடும், நிற்காமல் வரவும் கூடும். மூன்று அடி தூரத்தில் என்ன நடக்கும் என்று சொல்லி இதற்கு வாதாடுகிறார்கள். அந்தத் தூரம் கிடைக்கும் என்று உறுதி கூற யாராலும் முடியாது.

சுவருக்கு வருவோம். ஜிப்சம் பலகைச் சுவர் என்பது காகிதம் போர்த்திய சுண்ணப் பொடி. மனித உடலுக்குள் போதிய ஆழம் போகும் எந்தக் குண்டும் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். 12 ஆனாலும் 20 ஆனாலும் .410 ஆனாலும் இதுதான் நிலை. அறையின் அகலத்துக்குள் பறவை ரவைகூட ஒரு பலகையைத் துளைத்துவிடும். செங்கல், கான்கிரீட் சுவர் வேறு கதை. ஆனால் அங்கும் கதவும் சன்னலும் இருக்கின்றன. ஆகவே பாதுகாப்பைத் தோட்டாவில் தேடாதீர்கள், சுடும் கோட்டில் தேடுங்கள். பகலில், துப்பாக்கி இல்லாமல், வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். படுக்கையறை வாசலில் நின்றால் எந்தத் திசைக்குப் பின்னால் குழந்தையின் கட்டில் இருக்கிறது? அந்தத் திசையில் எக்காரணம் கொண்டும் சுடுவதில்லை என்று குடும்பமே சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். நடுக் கூடத்தில் போய்த் தேடுவதைவிட, எல்லாரும் ஓர் அறையில் கூடிக் கதவைப் பூட்டிக் காவல்துறையை அழைத்துவிட்டு, அந்த ஒரே வாசலைப் பார்த்து இருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமும் இதுதான்: சுடும் கோடு ஒன்றே ஒன்றாகிவிடுகிறது.

.410 பற்றி ஏன் இவ்வளவு தயக்கம்?

அதன் உதை மிகக் குறைவு என்பதால் எல்லாரும் அதை முதல் துப்பாக்கி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கைதேர்ந்தவருக்கான துப்பாக்கி. குறுகிய நீண்ட குழாய்க்குள் சிறிதளவு ஈயம்தான் அடங்கும். பிழைக்கு இடமே இல்லை.

நல்ல செய்தி 000 பக்ஷாட். 9.1 மி.மீ. விட்டம், ஒரு குண்டுக்கு நான்கரை கிராம். 2½ அங்குலத் தோட்டாவில் இவை மூன்று அல்லது நான்கு, 3 அங்குலத்தில் ஐந்து. குண்டு பெரியது என்பதால் 12 அங்குல ஆழத்தை இவை நன்றாகவே எட்டுகின்றன. ஆக ஒரு முறை விசையை இழுத்தால் மூன்று முதல் ஐந்து கனத்த குண்டுகள் ஒன்றாகப் போகின்றன. இதை அற்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த ஒரே தோட்டாவை மனத்தில் வைத்துத்தான் .410 ஆகும் என்றேன்.

அதே குழலில் பறவை ரவையைப் போட்டால் 14 கிராம் பொடிக் குண்டுகள், அந்த நிலையில் .410-ஐ வீட்டுப் பாதுகாப்புக்கான கருவி என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை. தகடும் சின்னக் குண்டும் கலந்து அடைத்த தோட்டாக்கள் வருகின்றன, பெட்டியின் படமும் கவர்ச்சியாக இருக்கும். கலவையில் உள்ள சின்னக் குண்டுகள் ஆழம் போவதில்லை. எனக்கு வெறும் 000 போதும்.

ஒற்றைக் குண்டான ஸ்லக்கும் .410-க்கு உண்டு, ஆறு ஏழு கிராம். வீட்டுக்குள் அதற்குத் தேவை இல்லை.

.410 தோட்டா போடும் ரிவால்வர் இருக்கிறதே, அது இன்னும் கைக்கு அடக்கம் அல்லவா?

2006-இல் டாரஸ் நிறுவனத்தின் ஜட்ஜ், பின்னர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கவர்னர் என்று வந்தவை இவை. .45 கோல்ட் கைத்துப்பாக்கித் தோட்டாவும் அதே அறையில் சேர வேண்டும் என்பதால் குழலுக்குள் சுருள் வரி வெட்டியிருக்கும். அந்த வரி குண்டுக் கொத்தைச் சுழற்றிச் சிதறடிக்கிறது. குழல் குட்டை, ஆகவே வேகமும் குறைவு. தோளில் முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஷாட்கனின் நன்மைகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்ட ஷாட்கன் அது. வேண்டாம் என்பதே என் கருத்து.

28 போர் வேண்டாம் என்பதற்கு என்ன காரணம்?

தோட்டா மட்டும்தான் காரணம். சுடுவதற்கு அதைவிட இனிமையான துப்பாக்கி இல்லை, ஆனால் சந்தையில் கிடைப்பது ஏறக்குறைய எல்லாமே 21 கிராம் பறவை ரவை. அதில் பக்ஷாட் அரிது.

ஷாட்கனுக்குக் குறி பார்க்கவே வேண்டாம் என்கிறார்களே?

இந்தப் பொய்யை நம்பி ஷாட்கன் வாங்குபவர்கள் ஏராளம். வெளியில் முப்பது மீட்டர் தள்ளிப் பறக்கும் பறவைக்கு குண்டுகள் விரிந்து வலைபோல் போகின்றன. அந்தக் காட்சியை அறைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். அறையின் நீளம் ஐந்தாறு மீட்டர். அந்தத் தூரத்தில் பக்ஷாட் முஷ்டி அளவிலிருந்து விரித்த கை அளவு வரைதான் பரவும். குறி ஒரு சாண் தவறினால் எல்லாக் குண்டும் சேர்ந்து தவறும். நீங்கள் சுடும் குண்டு ஒவ்வொன்றும் எங்காவது போய்த் தங்கியே தீரும். தவறிய குண்டு நீங்கள் காக்க நினைத்தவரிடமே போய்ச் சேரலாம்.

உங்கள் துப்பாக்கி, உங்கள் தோட்டா, உங்கள் வீட்டின் மிக நீண்ட தூரம் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே எண் பக்ஷாட் ஒரு குழலில் இறுகியும் இன்னொன்றில் சிதறியும் போவது வழக்கம்.

பம்ப் (முன்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் அல்லவா?

ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுவது மட்டும் உறுதி. சத்தத்தை நம்பித் திட்டம் வைக்காதீர்கள். எச்சரிக்க வேண்டுமானால் குரல் இருக்கிறது: "காவல்துறைக்குச் சொல்லிவிட்டேன், வெளியே போ" என்று பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து உரக்கச் சொல்வது அதைவிடத் தெளிவான எச்சரிக்கை.

பம்பா, அரைத் தானியங்கியா, இரட்டைக் குழலா?

பம்பில் பதற்றத்தில் பிடியை முழுதும் பின்னுக்கு இழுக்காமல் பாதியில் தள்ளிவிடும் பிழை சகஜம். தோட்டா மாறாமல் துப்பாக்கி மௌனமாகிவிடும். பழக்கம்தான் மருந்து. வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கி உதையையும் கொஞ்சம் தணிக்கிறது, ஒரு கை காயப்பட்டாலும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுகிறது. 20 போரில் பணம் இருந்தால் அதையே எடுக்கச் சொல்வேன். ஆனால் நீங்கள் வைக்கப்போகும் தோட்டாவில் ஓரிரு பெட்டியாவது தடையில்லாமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. இரட்டைக் குழல் எளிமையானது, இரண்டே தோட்டா.

காதுக்கும் வெளிச்சத்துக்கும் என்ன செய்வது?

சிறு போர் என்றால் சத்தமும் சிறிது என்று நினைக்காதீர்கள். எந்த ஷாட்கனும் 150 டெசிபலை எட்டும். 140-க்கு மேல் ஒரே வெடிச்சத்தமும் செவியை நிலையாகக் கெடுக்கலாம். அடைத்த அறையில் அது இன்னும் மோசம். மெல்லிய ஒலியைப் பெருக்கி வெடிச்சத்தத்தை அடைக்கும் மின்னணுக் காதுறையைத் துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள், நேரம் கிடைத்தால் அணிந்துகொள்ளலாம்.

வெளிச்சம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த மகன், சொல்லாமல் ஊரிலிருந்து திரும்பிய கணவர் என்று சொந்த மனிதர்களைத் திருடன் என்று எண்ணிச் சுட்ட துயரங்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முகம் தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது. முதலில் வீட்டில் உள்ள எல்லாரும் அவரவர் கட்டிலில் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் எப்படி வைப்பது?

பூட்டி. கட்டிலுக்கு அடியில், அலமாரியின் மேல் தட்டில், துணிக்குப் பின்னால் என்பதெல்லாம் ஒளித்து வைத்தல், பூட்டி வைத்தல் அல்ல. பெற்றோர் ஒளிக்கும் இடம் எதுவும் குழந்தைக்குத் தெரியாமல் இருப்பதில்லை. எண் பலகையால் சில நொடிகளில் திறக்கும் பெட்டகம் சுவரிலோ தரையிலோ பதிந்திருக்க வேண்டும். ஷாட்கன் பலவற்றில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கிறது. கீழே விழுந்தால் வெடிக்காது என்று அது உறுதி தராது. ஆகவே பெட்டகத்துக்குள்ளும் தோட்டா அறை வெறுமையாகவே இருக்கட்டும்.

உதை குறைந்த துப்பாக்கி வேண்டும் என்பவர்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: இலேசான விசை, குட்டைக் கட்டை, குறைந்த உதை என்று உங்களுக்கு எளிதாக்கிய எல்லாமே பத்து வயதுக் குழந்தைக்கும் எளிதாகிவிடுகிறது.

குழந்தை மட்டுமல்ல. வீட்டில் துப்பாக்கி இருப்பது அங்கே வாழ்பவர்களின் தற்கொலைச் சாவு அபாயத்தைக் கூட்டுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஒரு மணி நேரத்தில் கடந்து போயிருக்கக்கூடிய மனநிலை, கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் திரும்பி வர முடியாத முடிவாகிவிடுகிறது. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், குடியில் விழுந்திருந்தால், வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு முறை சொல்லியிருந்தால், துப்பாக்கி வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருந்தால் சட்டப்படி வேறிடத்தில் ஒப்படையுங்கள், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாசலைத் தாண்டி வரக்கூடிய ஆபத்தைவிட இது பக்கத்தில் இருக்கிறது.

முதலில் துப்பாக்கியா, பூட்டா?

பூட்டு. ஆழமாகத் திருகிய நீண்ட ஆணிகளோடு நிலையில் பொருந்திய கதவு, வெளி விளக்கு, ஓசை எழுப்பும் மணி, குரைக்கும் நாய் இவை எல்லாம் நாள் முழுதும் வேலை செய்கின்றன. பிறகு உரிமம்: எந்தக் காரணத்துக்கு உரிமம் கிடைக்கும், எப்போது சுடுவது தற்காப்பு ஆகும், எப்போது குற்றம் ஆகும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். சில நாடுகளில் தற்காப்பு என்ற காரணத்துக்கு உரிமமே கிடையாது. உங்கள் நாட்டின் சட்டத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 12-ஆ 20-ஆ என்ற பேச்சு.

வீட்டில் ஏற்கெனவே 12 போர் இருக்கிறது. மனைவிக்காக 20 ஒன்றும் வாங்கலாமா?

இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதை நான் விரும்புவதில்லை. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலின் கழுத்தில் சிக்கி நிற்கும். விசையை இழுத்தால் வெடிக்காது, அறையைத் திறந்தால் வெறுமையாகத் தெரியும். தோட்டா போடவில்லை போலும் என்று நினைத்து 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் முன்னால் அடைபட்டிருக்கும் தோட்டாவில் மோதிக் குழல் முன்கையருகே பிளந்துவிடும். விரல்களை இழந்தவர்கள் உண்டு. இந்த விபத்தைத் தடுக்கத்தான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஆனால் இருட்டிலும் பதற்றத்திலும் மஞ்சள் எங்கே தெரியும்?

மனைவியால் 12 போரைச் சுட முடியவில்லை என்றால், இருவருமே 20-க்கு மாறிவிடுங்கள். பெரியவர் சிறியதைச் சுடலாம், சிறியவர் பெரியதைச் சுட முடியாது. 12-ஐ விற்க மனம் வரவில்லையென்றால் தோட்டாக்களை வேறு பெட்டியில், வேறு பூட்டில் வையுங்கள். பயிற்சிக்கு ஒரு நாளில் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். வீடு திரும்பியதும் சட்டைப் பையையும் மேலங்கிப் பையையும் கவிழ்த்துப் பாருங்கள், தவறிப்போன தோட்டா பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். எப்போதாவது விசையை இழுத்து வெடிக்காமல் போனால், குழலைப் பாதுகாப்பான திசையில் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து, அறைப் பக்கத்திலிருந்து குழல் வழியே மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டாவை எடுங்கள்.